தாய்மாமன் சீரும் தங்க யந்திரமும்

பேத்திக்குக் காது குத்த நாள் பார்த்து, திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீசுவரர் கோயிலில் வைத்துக்கொள்வதென்று நிச்சயித்து, பந்தி எங்கே, பாயசம் எந்தப் பாயசம் என்பது வரை சம்பந்தி வீட்டாரோடு கலந்து பேசி முடித்து, தாய்மாமனுடைய மடியும் அந்தத் தாய்மாமன் போட வேண்டிய தோடும் மாத்திரமே பாக்கி என்றிருந்த ஒரு சனிக்கிழமை காலையில், மேற்படி தாய்மாமனாகிய என் புத்திரன் ஐதராபாத்திலிருந்து வந்து இறங்கி, குளித்து, இட்லி சாப்பிட்டு, கை கழுவிய ஈரத்தோடு பையைத் துழாவி ஒரு சின்ன அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"என்னடா இது, சிம் கார்டா?"

"தங்கம்பா. ரெண்டு கிராம். ஏடிஎம்ல எடுத்தேன்."

சமையற்கட்டிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"நம்ம தெருமுனை ஏடிஎம்ல பணமே வர மாட்டேங்குது. இவனுக்குத் தங்கம் வந்துச்சாமா?"

அன்று ஆரம்பித்த விவகாரம் இது. இரண்டு கிராம் தங்கத்தை இரண்டு தோடாக ஆக்குவதற்கு நான் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே அலைந்த அலைச்சலை எழுதினால், படிக்கிறவர்கள் சிரித்தாலும் சிரிக்கட்டும், எனக்கு மனப்பாரம் குறையும்.

முதலில் அந்த யந்திரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐதராபாத்தில் பேகம்பேட்டையில் 2022 டிசம்பரில் கோல்ட்சிக்கா என்ற நிறுவனம் அதை நிறுவியபோது பத்திரிகைகளில் படித்த ஞாபகம் எனக்கும் இருந்தது. அரை கிராம் முதல் நூறு கிராம் வரை நாணயமாகக் கொடுக்கும். வயிற்றில் ஐந்து கிலோ வரை தாங்கும். திரையில் அந்த நிமிஷத்து விலை ஓடிக்கொண்டே இருக்கும். அட்டையைச் செருகினால் தங்கம் வந்து விழும். நம் நாட்டுக்குத்தான் இது நூதனமே ஒழிய உலகத்துக்கு அன்று. 2008-இல் அமெரிக்காவில் வங்கிகள் சரிந்து, காகிதப் பணத்தின் மேல் ஜனங்களுக்கு அவநம்பிக்கை பிறந்திருந்த வேளையில், ஜெர்மனியில் தாமஸ் கைஸ்லர் என்பவர் 2009-இல் பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் பரீட்சார்த்தமாக ஒரு பெட்டியை வைத்துப் பார்த்தார். மறு வருஷம் மே மாதத்தில் அபுதாபியின் எமிரேட்ஸ் பேலஸ் ஓட்டலில், பெட்டிக்கே தங்க முலாம் பூசி, ஸ்திரமாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அவருடைய நிறுவனத்தின் பெயர் எக்ஸ் ஓரியன்டே லுக்ஸ். லத்தீன் பாஷையில் 'கிழக்கிலிருந்து ஒளி' என்று அர்த்தமாம். (கிழக்கிலிருந்து வந்த ஒளி பதின்மூன்று ஆண்டு சுற்றிவிட்டு மறுபடி கிழக்குக்கே வந்து பேகம்பேட்டையில் உட்கார்ந்தது.)

என் புத்திரன் வாங்கியதும் அந்த ஊரில் இப்படிப்பட்ட ஒரு யந்திரத்தில்தான். அவன் அதை வர்ணித்த மாதிரியைக் கேட்க வேண்டும்.

"யார்கிட்டயும் பேரம் பேச வேண்டாம்பா. ரோஸ் மில்க் குடிக்க வேண்டாம். 'சார், செயின் ஒண்ணு பாருங்க'ன்னு எவனும் பின்னாடியே வர மாட்டான். மந்திரிக்கும் அதே விலை, வாட்ச்மேனுக்கும் அதே விலை."

இதற்கு என்னிடம் பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். உள்ளூர்க் கடையில் விலை என்பது தங்கத்தை மட்டுமா பொறுத்தது? வாங்குகிறவரின் முகம், கூட வந்திருக்கும் மாமியாரின் குரல், கல்யாணத்துக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்ற அவசரம், இத்தனையையும் பொறுத்தது. தங்கத்தின் விலை சென்னையில் நகை வியாபாரிகளின் சங்கம் தினமும் அறிவிக்கிற விலைதான். அதில் எவரும் கை வைக்க முடியாது. கை வைக்கிற இடம் சேதாரம். எட்டு கிராம், அதாவது ஒரு பவுன் சங்கிலிக்குப் பதினைந்து சதவீதம் சேதாரம் என்றால், கழுத்தில் எட்டு கிராமை மாட்டிக்கொண்டு 9.2 கிராமுக்குப் பணம் கட்டிவிட்டு வருகிறோம். ராவும்போதும் உருக்கும்போதும் பொடியாகப் போனதற்கு ஈடாகத் தட்டார்கள் கேட்ட பழைய நியாயம் அது. இன்றைக்கு யந்திரத்தில் வார்த்து யந்திரத்தில் வெட்டுகிற நகைக்கு அவ்வளவு தூள் பறக்கிறதா என்று கேட்டால், கடைக்காரர் புன்னகை செய்து இரண்டு சதவீதம் குறைப்பார். இன்னும் கொஞ்சம் கோபித்துக்கொண்டு எழுந்தால் இன்னும் இரண்டு. என் மனைவி வாசற்படி வரை போய்த் திரும்பி வந்து பன்னிரண்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். அதே நாளில், அதே கடையில், அதே தினுசு சங்கிலிக்குச் சிரித்த முகத்தோடு பதினெட்டுக் கொடுத்துவிட்டு வந்த உத்தமிகளும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள்.

ஆகையால் பையன் சொன்னது நியாயமே.

நான் செய்ததுதான் அநியாயம்.

தங்கத்தைக் கண்டால் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்க்காமல் விடுகிற ஜாதகம் இல்லை எனக்கு. அட்டைக்குள்ளே கண்ணாடி போன்ற உறையில் அது சமர்த்தாகப் படுத்திருந்தது. அட்டையில் 24 காரட் என்றும் 999 என்றும் அச்சடித்திருந்தது. ஓர் எண்ணும் இருந்தது. மகன் தூங்கப் போனான். நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

கால் மணி நேரம் ஆயிற்று. அந்த உறை சாமானியத்தில் மசியவில்லை. கடைசியில் நாணயம் துள்ளிப் போய் ஊஞ்சலுக்கு அடியில் விழுந்தது. என் மனைவி துடைப்பத்தோடு வந்தாள். விரல் நகத்தளவுதான் இருந்தது. நல்ல மஞ்சள், நம் நகைகளில் காணாத ஒரு வெண்மை கலவாத, சிவப்புக் கலவாத மஞ்சள். அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்த அந்த இரண்டு நிமிஷ ஆனந்தத்துக்கு நான் பின்னால் கொடுத்த விலையைக் கேளுங்கள்.

மறுநாள் லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். (பெயர் வேண்டாம். குளிர்சாதனம் உண்டு, வாசலில் இரண்டு பொம்மைகள் கைகூப்பும், அவ்வளவு போதும்.) நாணயத்தைக் கொடுத்து, பேத்திக்குத் தோடு வேண்டும் என்றேன்.

"கவர் எங்க சார்?"

"பிரிச்சுட்டேன்."

அந்த இளைஞர் என்னைப் பார்த்த பார்வையில் அனுதாபம் இருந்தது. நாணயத்தை உள்ளே எடுத்துப்போய், ஒரு பெட்டிக்குள் வைத்து மூடி, சீட்டு ஒன்றை அச்சடித்துக்கொண்டு வந்தார். கேரட்மீட்டர் என்பது அதன் பெயர். எக்ஸ் கதிரை உலோகத்தின் மேல் பாய்ச்சி, அது திருப்பி உமிழும் கதிரைக் கொண்டு இன்ன உலோகம் இத்தனை சதவீதம் என்று சொல்லிவிடும். (மேல்தோலை மட்டுமே அது படிக்கும் என்பதும், உள்ளே என்ன இருக்கிறதென்று அறிய உருக்கித்தான் தீர வேண்டும் என்பதும் உபரிச் செய்தி.) சீட்டில் 99.9 என்று இருந்தது.

"சரியா இருக்கே தம்பி?"

"இருக்கு சார். ஆனா வெளித் தங்கம்னா ரெண்டு பர்சன்ட் கழிப்போம்."

"உங்க மிஷினே சுத்தம்னு சொல்லுதே?"

"மிஷின் சொல்லுது சார். சிஸ்டம் ஏத்துக்காது."

யந்திரம் கொடுத்த தங்கத்தை இன்னொரு யந்திரம் சுத்தமென்று சாட்சி சொல்ல, மூன்றாவது யந்திரமாகிய கம்ப்யூட்டர் அதை நிராகரிக்கிறது. மூன்றுக்கும் நடுவில் மனிதன் நான் ஒருவன்; எனக்கு ரோஸ் மில்க் வந்தது. கழித்தது போக, கடையில் இருக்கும் தோட்டுக்கு அவர்களுடைய சேதாரம், செய்கூலி, அதற்குமேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. அந்த வரியை என் மகன் ஐதராபாத்தில் ஒரு தரம் கட்டிவிட்டான். கணக்குப் போட்டுப் பார்த்தால், இரண்டு கிராம் தங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றரை கிராம் தோடு வாங்க நான் ரொக்கமும் கொடுக்க வேண்டும். நாணயத்தை வாங்கிக்கொண்டு, ரோஸ் மில்க்கை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். "அந்த மிஷின்லயே தோடா குடுத்திருக்கலாம்ல?" என்றாள் மனைவி. பத்து வார்த்தைக்குள் விஷயத்தின் நடுமையத்தை அவள் தொட்டுவிட்டாள் என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. பிராங்க்பர்ட்டுக்காரனுக்குத் தங்கம் என்பது பயம் வந்தால் பெட்டியில் பூட்டி வைக்கிற பணம். நமக்கு அது காதில் தொங்க வேண்டும், கழுத்தில் ஏற வேண்டும், மழை பொய்த்தால் அடகுக்கடைக்குப் போக வேண்டும், விளைந்தால் திரும்ப வேண்டும், அறுந்தால் பற்றவைக்க வேண்டும், மகள் வயசுக்கு வந்தால் உருக்கி வேறு உருவம் எடுக்க வேண்டும். ஒரு ஜன்மத்தில் பத்து அவதாரம் எடுக்கிற பொருளுக்கு ஒரே ஒரு முறை வாசல் திறக்கிற கடை எப்படிப் போதும்? 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் எங்கள் ஜில்லாவைப் புரட்டிப் போட்டு, பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த பிறகு, எங்கள் வீட்டு ஓடுகளை மறுபடி ஏற்றியது என் மனைவியின் கைவளையல் இரண்டுதான். அதுவே கட்டித் தங்கமாக இருந்திருந்தால் வங்கியில் கடன் கிடைத்திராது. ரிசர்வ் வங்கியின் விதி நகைக்குத்தான் கடன் கொடுக்கச் சொல்கிறது, கட்டிக்கு அன்று.

இப்படிச் சொல்வதால் நான் உள்ளூர் வியாபாரியின் பக்தன் என்று எண்ணிவிட வேண்டாம். என் கல்யாணத்துக்குத் தாலிச்சங்கிலி வாங்கிய கதை வேறு. எங்கள் தகப்பனாருக்குத் தெரிந்தவர், கண்டால் காபி வாங்கித் தருகிறவர், 'நம்ம பிள்ளை கல்யாணம்' என்று சொல்லிக் கற்பூரத்தை அடிக்காத குறையாகச் சத்தியம் செய்து 22 காரட் என்று கொடுத்தார். இருபது வருஷத்துக்குப் பிறகு அதை மாற்றப் போனபோது கேரட்மீட்டர் 82 என்று காட்டிற்று. 91.6 இருக்க வேண்டிய இடத்தில் 82! அதாவது இருபது காரட்டுக்கும் கீழே. சண்டை போடலாமென்று ஆவேசத்தோடு போனால், கடை இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் ஹால்மார்க் என்ற பேச்சே கிடையாது. 2000-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதைக் கொண்டுவந்தபோதும் விருப்பப்பட்டவர் செய்துகொள்ளலாம் என்ற அளவில்தான் இருந்தது. 2021 ஜூன் மாதத்தில்தான் முதலில் 256 மாவட்டங்களில் கட்டாயமாயிற்று. 2023 ஏப்ரல் முதல், ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளக் குறி பொறிக்காத நகையை விற்கவே கூடாதென்று ஆயிற்று. அந்தக் குறியைக் கைபேசியில் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் தட்டினால் நகையின் ஜாதகம் வரும். (இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு விலக்கு உண்டு. குழந்தைத் தோட்டுக்கு ஜாதகம் கிடையாது.)

முகத்தை நம்பி ஏமாந்தவன் நான். முகமே இல்லாத பெட்டி ஏமாற்றவில்லை. இதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

கடைசியில் என் சம்பந்தியம்மாள்தான் வழி சொன்னார். சிதம்பரத்தில் தெற்கு வீதியை ஒட்டின ஒரு சந்தில், அவர்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக வேலை செய்கிற பத்தர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொடுங்கள் என்று.

திங்கட்கிழமை பஸ் ஏறினேன். முதுநகர் தாண்டி, சிப்காட் வாசனைக்கு மூக்கைப் பொத்தி, ஆலப்பாக்கத்தில் திறந்து, புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாறு என்று போய் இறங்குவதற்குள் நாணயம் சட்டைப் பையில் இருக்கிறதா என்று முப்பது தடவை தொட்டுப் பார்த்திருப்பேன். உறையில் இருந்திருந்தால் இந்தப் பயம் இராது. சிதம்பரத்தில் இறங்கியதும் கோயிலுக்குப் போய்விட்டே பத்தரிடம் போனேன். சிற்சபையின் கூரைக்குப் பொன் வேய்ந்தவன் முதற்பராந்தகன் என்று சோழர் செப்பேடுகள் சொல்லுகின்றன. ஓடு 21,600, மனிதனுடைய ஒரு நாள் சுவாசத்தின் கணக்கு என்றும், அவற்றில் அடித்த ஆணி 72,000, நாடிகளின் கணக்கு என்றும் சொல்லுவார்கள். வழக்கமாக அந்தக் கணக்கைக் கேட்கும்போது எனக்கு வேதாந்தம் தோன்றும். அன்றைக்கு என்னவோ, எழுபத்திரண்டாயிரம் ஆணிக்குப் பராந்தகனிடம் அந்நாளையத் தட்டார்கள் என்ன சேதாரம் போட்டிருப்பார்கள் என்ற கேள்விதான் தோன்றிற்று. நடராஜப் பெருமான் மன்னிப்பாராக.

பத்தருக்கு எழுபது வயசிருக்கும். பலகை போட்ட சின்னப் பட்டறை. நாணயத்தை வாங்கி, எக்ஸ் கதிர் ஏதும் பாய்ச்சாமல், கறுப்பு உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்தார். பக்கத்திலேயே மாற்றுத் தெரிந்த ஆணியால் இன்னோர் இழுப்பு. இரண்டின் மேலும் திராவகம் ஒரு சொட்டு. செம்பு கலந்திருந்தால் அந்தக் கோடு கரைந்து மங்கும். மங்கவில்லை.

"சொக்கத் தங்கம் சார். எங்க வாங்குனீங்க?"

சொன்னேன். யந்திரம் என்றதும் தொழிலுக்கு வந்த விரோதியைப் பற்றிப் பேசுவது போலக் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ உரைகல்லைக் கீழே வைத்துவிட்டு, முகத்தில் ஓர் ஏக்கத்தோடு கேட்டார்:

"அந்த மிஷின்கிட்ட யாரும் பாக்கி வைக்க முடியாதுல்ல?"

"முடியாது பத்தரே."

"கொடுத்து வச்ச மிஷின்."

பிறகு ஒரு நீள நோட்டைக் காட்டினார். பெயர்களும் பாக்கிகளும். அறுப்பு முடியட்டும், சம்பளம் வரட்டும், மருமகன் துபாயிலிருந்து அனுப்பட்டும் என்று தங்கத்தை வாங்கிக்கொண்டு போனவர்கள். அதில் பத்து வருஷத்துக்கு முந்திய பெயரும் இருந்தது. அவருக்கு அதைக் கிழித்துப் போட மனசில்லை, கேட்கவும் மனசில்லை. உள்ளூர் வியாபாரியை நம்பலாமா என்றுதான் நாம் எழுதுகிறோம். உள்ளூர் வாடிக்கைக்காரரை நம்பலாமா என்று அந்த நோட்டு கேட்டது.

"இதுல அப்படியே தோடு செய்ய முடியாது சார். பச்சக் குழந்த கடிச்சாக்கூட வளஞ்சிரும். செம்பும் வெள்ளியும் போட்டு தொள்ளாயிரத்திப் பதினாறுக்குக் கொண்டாரணும். ரெண்டு கிராம், ரெண்டு கிராம் நூத்தியெண்பது மில்லியா வரும்."

எனக்கு ஒரு க்ஷணம் ஆச்சரியம். தங்கம் வளர்கிறது! நூறில் தொண்ணூற்றொன்றரைதான் தங்கம் இருக்க வேண்டுமென்றால், மிச்சத்தை வேறு உலோகம் நிரப்புகிறது என்ற பள்ளிக்கூடக் கணக்குத்தான். ஆனாலும் மூசையில் வெங்காரத்தோடு அது உருகி, ஒரு சிவந்த கண்ணைப் போலச் சுழன்று, என் மகன் அட்டையில் கொண்டுவந்த எண்ணும் அச்சும் எல்லாம் மறைந்து, வெறும் துளியாக நின்றதைப் பார்த்தபோது பள்ளிக்கூடம் ஞாபகம் வரவில்லை. (இப்போது குமுட்டியும் ஊதுகுழலும் இல்லை, சமையல் வாயுவில்தான் உருக்குகிறார்.) தங்கம் உருக 1,064 டிகிரி உஷ்ணம் வேண்டும். ஷாங்காயில் ஒரு யந்திரம் வந்திருக்கிறதாம். அது தங்கம் கொடுப்பதில்லை, வாங்குகிறது. நாம் போட்ட நகையை நம் கண் முன்னே உருக்கி, எடை போட்டு, வங்கிக் கணக்கில் பணத்தை அனுப்பிவிடுகிறதாம். ஐதராபாத்தில் கொடுக்கிற யந்திரம், ஷாங்காயில் வாங்குகிற யந்திரம். இரண்டையும் செய்கிறவர் தெற்கு வீதிச் சந்தில் முண்டாசு கட்டி உட்கார்ந்திருக்கிறார்.

தட்டான் தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் என்ற பழமொழியை அவரே சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அடியில் இருந்ததை வேலை நடக்கும்போது சொன்னார். 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்து, 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யவே கூடாதென்று தடுத்தபோது இவர் சிறு பையன். எவர் வாங்குவார் பதினான்கு காரட்டில் தாலியை? பட்டறை மூடிற்று. தகப்பனார் ஆயுதங்களைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டு, பல்கலைக்கழகத்தில் எடுபிடி வேலைக்குப் போனாராம். 1966-இல் காரட் கட்டுப்பாடு தளர்ந்தது. பரணிலிருந்து மூட்டை இறங்கிற்று. ஆனால் 1968-இல் சட்டமாகவே வந்து, லைசென்ஸும் கணக்குப் புத்தகமுமாக 1990 வரை கூடவே இருந்தது. "கவர்மென்ட்டே எங்கள மூட முடியல சார், மிஷின் என்ன பண்ணும்?" என்று அவர் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அலங்காரமாக இருந்திருக்கும். சொல்லவில்லை. தம் மகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருப்பதாகவும், இந்தப் பலகையில் உட்கார இனி ஆள் கிடையாதென்றும்தான் சொன்னார்.

வியாழக்கிழமை வரச் சொன்னார், சனிக்கிழமைதான் கொடுத்தார். (யந்திரத்துக்கு இன்னொரு மதிப்பெண்.) ரோஸ் காகிதத்தில் இரண்டு தோடு, அரும்பு மாதிரி, அவற்றின் பக்கத்தில் கடுகு அளவு ஒரு தங்கத் துணுக்கு. தராசில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக் காட்டினார். ராவலில் போனதை நோட்டில் எழுதிக் காட்டினார். கூலியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, "திருகாணி புதுசு, கொஞ்சம் இறுக்கமா இருக்கும். ஒரு வாரத்துக்குக் கழட்டாதீங்க" என்றார்.

காதுகுத்து நன்றாக நடந்தது. தாய்மாமன் மடியில் குழந்தை அழுத அழுகையில் பாடலீசுவரரே திரும்பிப் பார்த்திருப்பார். சீர் எங்கே வாங்கியது என்று கேட்டவர்களுக்கு மகன் யந்திரம் என்றான், என் மனைவி சிதம்பரம் என்றாள், இரண்டும் உண்மை. கிழிந்த உறை இன்னும் என் மேஜையில்தான் கிடக்கிறது, மின்சாரக் கட்டணச் சீட்டுகளுக்கு நடுவில்.

நேற்று மகளிடமிருந்து போன். குழந்தை ராத்திரி காதைப் பிடித்து இழுத்ததில் இடது தோட்டுத் திருகாணி எங்கேயோ விழுந்துவிட்டதாம். கட்டில், தலையணை, போர்வை எல்லாம் உதறிப் பார்த்துவிட்டார்களாம்.

"நாளைக்கு ஏழரை பஸ்ஸுக்குப் போயிட்டு வந்துருங்க" என்றாள் என் மனைவி.

"கொத்சு வாங்கிட்டு வரட்டுமா?" என்றேன்.